பாரம் நிற்கும் இடம்

ஞாயிறு காலை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஆள் இல்லை. தராசுக் கொக்கி காற்றில் மெல்ல ஆடுகிறது. கிழமை நாட்களில் கூடையும் சாக்குமாக நிறைந்து கிடக்கும் சிமெந்துத் தரையில் இன்று இரண்டு மூன்று கருகிய கொழுந்துகள் மட்டும் ஒட்டியிருக்கின்றன. பசறைப் பக்கம் பார்த்தால் நமுனுகுல மலையின் தலையில் முகில்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சமநிலம் என்று சொல்ல மூன்று இடங்கள்தான். மாரியம்மன் கோயில் முன்றில், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக் களம், இந்த மடுவத்து வாசல். கோயில் வாசலில் கிறீஸ் கையோடு உட்கார மனம் வராது. பிரட்டுக் களத்தில் பிள்ளைகள் கிரிக்கட் ஆடுவார்கள், பந்தைத் துரத்திக்கொண்டு காருக்கடியில் புகுந்துவிடுவார்கள். அதனால் காரை இங்கே கொண்டுவந்தேன்.

பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் முன் சில்லுகளைப் பின்னாலும் பின் சில்லுகளை முன்னாலும் மாற்றுவது என் வழக்கம். இது மூன்றாவது தடவை. முதல் தடவை கை நடுங்கியது. இப்போதும் ஜெக் ஏறும்போது மூச்சு ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது. அந்தப் பயம் போகாமல் இருக்கட்டும் என்று நினைக்கிறேன்.

*

டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு திசையில் தடவுகிறேன், பிறகு எதிர்த் திசையில். முன் டயரின் வெளியோரம் ஒரு பக்கம் வழுவழுவென்று போகிறது, மறுபக்கம் ரம்பம் போல உரசுகிறது. பதுளைக்கும் பசறைக்கும் இடையே உள்ள வளைவுகள் எல்லாம் அங்கே எழுதியிருக்கின்றன.

சின்னக் காரில் எஞ்சின் முன்னால் இருக்கிறது, இழுப்பதும் முன் சில்லு, திரும்புவதும் முன் சில்லு. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது காரின் பாரத்தில் பெரும்பகுதி முன்னால்தான் சாய்கிறது. பின் சில்லுகள் கூடவே வருகின்றன, அவ்வளவுதான். சமவெளியில் ஓடும் காருக்கும் இது உண்டு. மலையில் ஒவ்வொரு வளைவும் டயரின் தோளைத் தின்கிறது. முன்னால் இரண்டு டயர் மொட்டையாகும்போது பின்னால் இரண்டு புதிதுபோல இருக்கும். இடம் மாற்றினால் நான்கும் ஒன்றாகத் தேயும்.

டயர் வெட்டுகளுக்கு நடுவே குறுக்காகச் சின்ன ரப்பர் மேடுகள் உண்டு. 1.6 மில்லிமீட்டர் உயரம். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், இடம் மாற்றும் காலம் தாண்டிவிட்டது, டயரையே மாற்ற வேண்டும். மழை நாளில் தார் ரோட்டுத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்த வெட்டுகள்தான். இங்கே மழை இல்லாத மாதம் எது?

*

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் எங்கள் லயத்து மாமா. முப்பது வருடம் கொழுந்து லொறி ஓட்டியவர். சொந்த மாமா இல்லை. ஆனால் நான் பிள்ளை மடுவத்தில் கிடந்த காலத்திலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

முதல் நாள் அவர் ஸ்பெனரைத் தொடவே விடவில்லை. கையிலிருந்த சாயத்தண்ணியில் கொஞ்சத்தைச் சிமெந்தில் ஊற்றினார். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம். மெல்ல, மிக மெல்ல, வாய்க்கால் பக்கம் நகர்ந்தது.

“கண்ணுக்குச் சமமாத்தான் இருக்கு, புள்ள. தண்ணிக்குத் தெரியும்” என்றார்.

பிறகு காரைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தச் சொன்னார். ஹேண்ட் பிரேக் இழுத்து, முதல் கியரில் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சவுக்கு மரத்தில் வெட்டிய இரண்டு ஆப்புகளைக் கொண்டுவந்திருந்தார். தூக்கப்போகும் சில்லுக்கு எதிர் மூலையில் இருக்கும் சில்லின் முன்னும் பின்னும் அவற்றைத் திணித்து, காலால் ஒரு தட்டு தட்டினார்.

“ஹேண்ட் பிரேக் போட்டாச்சே, கியரும் போட்டாச்சே, இது எதுக்கு மாமா?”

அவர் விளக்கியதைப் பிறகு நான் படிப்பிக்கும் பாடசாலையின் பலகையில் படம் போட்டுப் பார்த்துத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். என் காரில் ஹேண்ட் பிரேக் பின் சில்லுகளை மட்டுமே பிடிக்கிறது. கியர் முன் சில்லுகளைப் பிடிக்கிறது. முன் சில்லு ஒன்றைத் தூக்கிவிட்டால், அந்தரத்தில் நிற்கும் சில்லு ஒரு பக்கம் சுழல, தரையில் நிற்கும் மற்ற முன் சில்லு எதிர்ப்பக்கம் உருளலாம். நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் அதற்கு இடம் கொடுக்கும். அப்போது கியர் போட்டதும் போடாததும் ஒன்று, காரைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். பின் சில்லு ஒன்றைத் தூக்கினால், ஹேண்ட் பிரேக்கின் பிடியில் பாதி அந்தரத்துக்குப் போய்விடுகிறது. எந்தச் சில்லைத் தூக்கினாலும் ஏதோ ஒரு பிடி கழன்றுவிடுகிறது. எப்போதும் பிடிப்பது அந்தச் சவுக்குக் கட்டைதான்.

*

“பாரம் எங்க நிக்குதுன்னு மொதல்ல பாரு.” மாமா அன்று நாலைந்து தடவை சொன்னது இது. வேறு எதையும் அவர் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

கார் தரையில் நிற்கும்போது நாலு சில்லில் நிற்கிறது. அந்த நேரத்தில்தான் நட்டுகளை இளக்க வேண்டும். தூக்கிய பிறகு இளக்கினால் சில்லும் சுற்றும், நாம் கொடுக்கும் உதறலில் ஜெக்கும் அசையும். ஸ்பெனரின் கைபிடி இடப்பக்கம் நீட்டியிருக்கும்படி நட்டில் மாட்டி, கீழ்நோக்கி அமுக்கினால் நட்டு இளகும் திசையில் திரும்பும். அரைச் சுற்று போதும். கழற்றக் கூடாது.

பிறகு ஜெக். கார் உடம்பின் அடி விளிம்பில், முன் சில்லுக்குச் சற்றுப் பின்னாலும் பின் சில்லுக்குச் சற்று முன்னாலும் இரண்டிரண்டு வெட்டுக் குறிகள் இருக்கும். விரலால் தடவினால் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் அந்த இரண்டு குறிகளுக்கு நடுவே உள்ள தகடுதான் பாரம் தாங்கும் என்று கட்டியிருக்கிறார்கள். ஒரு சாண் தள்ளி வைத்தால் தகடு மடங்கிவிடும்.

ஏற்றும்போது நான் எண்ணிக்கொண்டே திருகுகிறேன். டயர் தரையை விட்டு இரண்டு விரற்கடை ஏறினால் நிறுத்திவிடுகிறேன். அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலமும் வீண் ஆபத்து. கழற்ற வேண்டிய சில்லைக் கழற்றுமுன், கையில் இருக்கும் மற்றச் சில்லைக் காருக்கடியில், ஜெக்குக்குப் பக்கத்தில், படுக்கையாகத் தள்ளி வைக்கிறேன். ஜெக் நழுவினால் கார் அதன்மேல் விழும். தரையில் விழாது. யார் காலிலும் விழாது.

உடம்பின் எந்தப் பகுதியையும் காருக்கடியில் விடுவதில்லை. கை தவறி நட்டு உருண்டு அடியில் போனால், குச்சியால் தள்ளி எடுக்கிறேன். என் கார் எழுநூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வாகனங்களில் இது சிறுபிள்ளை. நெஞ்சில் விழுந்தால் போதும்.

*

இதை எழுதவேண்டும் என்று தோன்றியதே ஒரு பின்னேரத்தால்தான்.

சில்லு மாற்றப் பழகிய ஆறு மாதத்தில், ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், பாடசாலை விட்டு வரும் வழியில் டயர் பஞ்சர். ரோடு ஒடுக்கம். ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம். அந்த ரோட்டின் வளைவில் யாரும் நிற்கமாட்டார்கள். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்துக்குள் விழுந்த பிறகு, வளைவு என்றாலே எங்களுக்கு அடிவயிறு சில்லிடும். விளிம்பு நசுங்கினாலும் பரவாயில்லை என்று காற்றில்லாத டயரிலேயே மெதுவாக உருட்டி, நேரான ஓரிடம் வந்ததும் மலையோரமாக நிறுத்தினேன். நான்கு பக்கமும் விளக்கு மினுங்கவிட்டேன். இருபது முப்பது அடி தள்ளி, வருகிறவர்களுக்குத் தெரிய, ஒரு சவுக்குக் கிளையை ஒடித்துப் போட்டேன். இன்றைக்கு நினைத்தால் இன்னும் தூரத்தில் போட்டிருக்க வேண்டும்.

ஜெக்கை மண்ணில்தான் வைத்தேன். மேலே காய்ந்திருந்த மண். ஏற்றினேன், ஏறியது. சில்லைக் கழற்றினேன். ஸ்பெயார் வீலை எடுத்து மாட்டப் போகும்போது மாமாவின் குரல் காதில் விழுந்ததுபோல இருந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு நிமிடத்தில் மாட்டிவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. மறுமனம் சொன்னபடி, கழற்றிய சில்லை அடியில் தள்ளினேன்.

ஜெக்கின் ஒரு கால் மண்ணுக்குள் போனது சத்தமில்லாமல் நடந்தது. கார் என் பக்கம் அல்லாமல் முன்னோக்கிச் சாய்ந்தது. ஜெக் கோணலாகிப் பக்கவாட்டில் சரிந்தது. “டொம்” என்று ஒரே ஒரு சத்தம். கார் அந்தப் பஞ்சர் சில்லின்மேல் உட்கார்ந்துவிட்டது. பிரேக் தட்டுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. ஒரு நொடி முன்னால் என் வலது கை அந்த இடத்தில் இருந்தது.

மண்ணில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எதுவும் செய்யவில்லை. அந்த வழியாக வந்த த்ரீவீல் பையன் இறங்கி வந்து, “டீச்சர், ஒண்ணும் ஆகலியே?” என்று கேட்டபோதுதான் எழுந்தேன். அவன் வண்டியில் ஒரு பலகைத் துண்டு இருந்தது. மண்ணைச் செதுக்கிச் சமமாக்கி, பலகை போட்டு, அதன்மேல் ஜெக்கை வைத்து மறுபடி ஏற்றினோம். அன்றிலிருந்து ஒரு அடிக்கு ஒரு அடி கனத்த பலகை ஒன்று என் காரின் பின்பெட்டியை விட்டு இறங்கியதில்லை.

*

மண் தாங்கும் என்று நம்பித்தான் இந்த மலையில் எல்லாரும் படுக்கிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மக்கள் போவதற்கு வேறு இடம் கிடைத்திருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழைக்குப் பதுளை மாவட்டத்தில் எத்தனை இடம் சரிந்தது. ஒரு நாளில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முதல் எச்சரிக்கை விடும். 150 தாண்டினால் எழுந்து போகச் சொல்லும். என் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்த எண்கள் வாய்ப்பாடு போல மனப்பாடம்.

ஒரு பலகைத் துண்டு ஒரு காருக்குச் செய்வதை ஒரு லயத்துக்கு எது செய்யும் என்று அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பாரம் சின்ன இடத்தில் குத்தி நின்றால் மண் விட்டுக்கொடுக்கும், பரந்து நின்றால் கொஞ்சம் தாங்கும். தண்ணீர் ஊறிய மண்ணில் அந்தக் கொஞ்சமும் நிச்சயமில்லை. உறுதியான நிலத்தில் வீடு என்பது இங்கே மூன்று தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒன்று.

*

இனி இன்றைய வேலை.

இருப்பது ஒரே ஒரு ஜெக். முன்னையும் பின்னையும் ஒரே நேரத்தில் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது. அதற்கு ஸ்பெயார் வீல் கைகொடுக்கிறது. இடப்பக்கப் பின் சில்லைக் கழற்றி அந்த இடத்தில் ஸ்பெயாரை மாட்டுகிறேன். காரை இறக்குகிறேன். ஆப்புகளை மாற்றி வைத்து, இடப்பக்க முன் சில்லைக் கழற்றி, பின்னாலிருந்து வந்ததை அங்கே மாட்டுகிறேன். இறக்குகிறேன். மறுபடி பின்னால் போய், ஸ்பெயாரை எடுத்துவிட்டு, முன்னாலிருந்த சில்லை மாட்டுகிறேன். ஒரு பக்கத்துக்கு மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். வலப்பக்கமும் அப்படியே. அவசரப்படுகிறவர்களுக்கு உரிய முறை இல்லை. ஆனால் கார் ஒரு கணமும் ஒரு காலுக்கு மேல் தூக்கி நிற்பதில்லை. ஸ்பெயாரில் காற்று இருக்கிறதா என்றும் இந்தச் சாக்கில் தெரிந்துவிடுகிறது.

சில்லு கழன்றதும் உள்ளே தெரியும் தட்டு முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்கிறேன். அங்கே துரு பொருக்குத் தட்டி நின்றால், சில்லு அதன்மேல் உட்கார்ந்து இறுகியதுபோலக் காட்டும். ஓடும்போது பொருக்கு நொறுங்கும், நட்டு தளரும். தூசி பறக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மரைகளில் எண்ணெய் போடுவதில்லை. எண்ணெய் போட்ட மரையில் நட்டு இலகுவாக ஓடும், நாம் அறியாமல் மிதமிஞ்சி இறுகிவிடும்.

நட்டின் ஒரு முனை கூம்பு. கூம்பு சில்லைப் பார்த்து இருக்க வேண்டும். சில்லின் துளையில் அதற்கென்றே கிண்ணம் போலக் குழி இருக்கிறது. கூம்பு குழிக்குள் போகும்போதுதான் சில்லு நடுவுக்கு வருகிறது. முதலில் நான்கையும் விரலாலேயே சுற்றுகிறேன். விரலுக்கு மரை தெரியும். கோணலாக ஏறினால் உடனே மறுக்கும். ஸ்பெனரோடு தொடங்கினால் அந்த மறுப்பு கேட்காது.

*

நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்குக் கைநூலில் 85 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. தரம் பத்துப் பிள்ளைகளுக்கு விசையின் திருப்பல் விளைவு சொல்லிக்கொடுப்பவள் நான், என்றாலும் அந்த எண் என் கைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் கணக்குப் போட்டேன். அரை மீட்டர் கைபிடியின் நுனியில் பதினேழு கிலோவும் கொஞ்சமும் தொங்கினால் அந்த முறுக்கு வரும்.

பதினேழு கிலோ.

அம்மாவுக்குத் தெரிந்த நிறை அது. அவர் கொழுந்து பறித்த காலத்தில் நாளுக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதி. தராசு முள் பதினேழில் நின்ற நாட்களில் அம்மா வீட்டில் பேசமாட்டார். கூடைக் கயிறு நெற்றியில் விட்ட தடம் இன்றும் மயிர்க்காலோரம் மினுமினுப்பாக இருக்கிறது. முடி அந்த இடத்தில் மறுபடி முளைக்கவில்லை.

அம்மாவை அழைத்து வந்து அரை மீட்டர் ஸ்பெனரின் நுனியைக் கையில் கொடுத்தேன். “ஒரு பேர்க் கொழுந்து கூடைய எத்தினி பாரமா இழுக்கும்மா? அவ்வளவுக்கு இத இழுங்க.” அம்மா இழுத்தார். பிறகு, கடன் வாங்கிய முறுக்குமானியால் சோதித்துப் பார்த்தேன். முள் தொண்ணூறுக்குப் பக்கத்தில் நின்றது.

காரோடு வரும் ஸ்பெனர் அரை மீட்டர் இல்லை, அதில் பாதிதான். அப்படியானால் இரண்டு பேர்க் கொழுந்தின் பாரம் கொடுக்க வேண்டும். கையால் முழு மூச்சாக ஒரு இழுப்பு, சரி. அதன்மேல் ஏறி நிற்கிறார்கள் சிலர். ஐம்பத்தைந்து கிலோ ஆள் கால் மீட்டர்க் கைபிடியில் ஏறி நின்றால் 135 நியூட்டன் மீட்டருக்கு வந்துவிடும், குதித்தால் கேட்கவே வேண்டாம். மரை இழுபட்டு நீளும். ஒரு தடவை கராஜ் ஒன்றில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிக் கொடுத்த நட்டை ரோட்டோரத்தில் என்னால் அசைக்கவே முடியவில்லை. இப்போது எங்கே சில்லு கழற்றிப் பூட்டினாலும், வீட்டுக்கு வந்ததும் இளக்கி, என் கையால் மறுபடி இறுக்கி வைக்கிறேன். என் கையால் கழற்ற முடிந்ததுதான் எனக்கு உதவும்.

இறுக்கும் வரிசை: ஒன்று, அதற்கு எதிரே உள்ளது, பிறகு பக்கத்தில், அதற்கு எதிரே. டயர் தரையைத் தொட்டு லேசாக அழுந்தும் வரை இறக்கிவிட்டுத்தான் கடைசி இறுக்கு.

*

மாமா இன்று வந்து கல்லில் உட்கார்ந்துகொண்டார். கண் சரியில்லை. சத்தத்தை வைத்துக் கேட்கிறார்.

பழைய ஆங்கில லொறிகளில் இடப்பக்கச் சில்லுகளின் நட்டு எதிர்ப்பக்கம் திரும்பும், நட்டு ஏறும் ஸ்டட்டின் தலையில் ஓர் ஆங்கில எழுத்து வெட்டியிருக்கும் என்றார். ஓடும் சில்லே நட்டை இளக்கிவிடாமலிருக்க அப்படிச் செய்திருந்தார்கள். கிளீனர் வேலைக்கு வந்த முதல் வாரம், அது தெரியாமல், இளக்குவதாக நினைத்து அரை மணி நேரம் இறுக்கிக்கொண்டே இருந்தாராம். டிரைவர் ஐயா வந்து திட்டவில்லை. பக்கத்தில் குந்தி, அந்த எழுத்தை விரலால் தடவிக் காட்டினாராம்.

“அன்னைக்கு அவரு திட்டியிருந்தா நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்கமாட்டேன், புள்ள.”

*

பீலியில் கை கழுவுகிறேன். டயர்க் கறுப்பு இலேசில் போகாது. டயருக்குப் பால் தரும் ரப்பர் மரம் இந்த இலங்கைத் தீவுக்கு வந்தது 1876இல், கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு. பிரேசில் விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றாகக் கப்பலில் வந்தது. அப்போது காற்றடைத்த டயர் புழக்கத்தில் இல்லை. பெல்ஃபாஸ்டில் ஜோன் டன்லப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்கு அதைச் செய்ததே 1880களின் பிற்பகுதியில்தான். எங்கள் ஆட்கள் அதற்கும் முன்பே இந்த மலைக்குக் கால்நடையாக வந்துவிட்டார்கள்.

நகக்கண்ணில் கொஞ்சம் கறுப்பு மிச்சம். இருக்கட்டும்.

*

நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்தாயிற்று. அளவு டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கிறது. டயர் சூடாகுமுன் பார்க்க வேண்டும் என்பதால் டவுன் வரை ஓட்டிப்போகாமல், மாமா வீட்டுக் கைப்பம்பாலேயே அடித்தேன்.

சில்லு மாற்றிய பிறகு ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடி, மறுபடி ஒருமுறை நட்டுகளைப் பார்க்க வேண்டும். புதிதாக உட்கார்ந்த சில்லு ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் படியும். அம்மாவை ஏற்றிக்கொண்டு பதுளை, ஹாலிஎல, தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்குப் போனோம். தெமோதரையில் ரயில் பாதை தன் ஸ்டேசனுக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டு போவதை அம்மா எப்போதும் போல எட்டிப் பார்த்தார். முதல் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைத்து, ஸ்டீயரிங்கில் நடுக்கம் வருகிறதா, “டக் டக்” என்று சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்து ஓட்டினேன். ஒன்றும் இல்லை.

பண்டாரவளையில் சமமான ஓரிடம் பார்த்து நிறுத்தினேன். அம்மா இறங்கவில்லை. ஸ்பெனரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சில்லாகப் போனேன். பதினைந்து நட்டு அசையவில்லை. வலப்பக்கப் பின் சில்லில் கடைசி நட்டு, ஒரு நெல்மணி அளவு திரும்பியது.